பழைய காமன்வெல்த்

அல் குசைஸ், துபாய்
2 பிப்ரவரி 2024

அன்புள்ள முரளிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் ஸ்வாதியும் நலம். அங்கே நீயும் அருணாவும் சுகம்தானே? போனில் பேசினால் நீ கார் ஓட்டிக்கொண்டே "சொல்லு, சொல்லு" என்பாய். நான் சொல்ல வந்ததை மறந்துவிட்டு வைத்துவிடுவேன். அதனால்தான் உட்கார்ந்து மெயில் எழுதுகிறேன். நீயும் தமிழிலேயே எழுது.

நீ ஆஸ்திரேலியக் குடிமகனான அன்று எடுத்த போட்டோவைத் திருச்சிக்கு அனுப்பினேன். அம்மா உன் முகத்தை விட்டுவிட்டு, பின்னால் சுவரில் மாட்டியிருந்த படத்தையே பார்த்திருக்கிறாள். "யாருடி அந்த வெள்ளக்காரர்?" என்று கேட்டாள். "இங்கிலாந்து ராஜாம்மா" என்றேன். "அவருக்கு அங்க என்ன வேல?" என்றாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பிரிட்டிஷ் ஸ்கூலில் கணக்கு வாத்தியார் வேலை ஒன்று காலியாகிறது. உன் பாஸ்போர்ட்டுக்கு உடனே கூப்பிடுவார்கள். அம்மா போன வருஷம் பாத்ரூமில் விழுந்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. அப்பா காரியத்துக்கு வந்தவன்தான் நீ, அப்புறம் அவளைப் பார்க்கவே இல்லை. இங்கிருந்து திருச்சிக்கு நாலு மணி நேரம். நீ பக்கத்தில் இருந்தால் எனக்கு ஒரு தெம்பு.

ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நான் இங்கே ஆபீஸில் விசா வேலை பார்க்கிறவள், எல்லாம் என் கண்முன்னால்தான் நடக்கிறது. ஹெட்மாஸ்டர் பெல்லிங்ஹாம் வாத்தியார்களை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார். முதலில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். அடுத்தது பழைய காமன்வெல்த், அதாவது ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து. கடைசியில் புதிய காமன்வெல்த், அதாவது நாம். கல்லணை கட்டின ஊர்க்காரி புதியவள், நேற்றுக் கப்பலில் போய் இறங்கினவன் பழையவன்!

அந்தப் பழையவர்கள் படும் பாட்டைப் பார்க்க வேண்டுமே. துணை ஹெட்மாஸ்டர் மிஸஸ் கோல்பி அடிலெய்டில் பிறந்தவள். ஐந்து தலைமுறையாக அங்கேதான். ஆனால் இங்கிலாந்தைத்தான் "ஹோம்" என்பாள். டிசம்பரில் "ஹோமுக்குப் போகிறேன்" என்று கிளம்பினாள். டிக்கெட் போட்டது நான். ஆறு நாளும் ஹோட்டலில் தங்கினாள். சொந்த வீட்டுக்குப் போகிறவள் எதற்கு ஹோட்டலில் தங்க வேண்டும்? பெல்லிங்ஹாம் விருந்தில், "கோல்பி வந்தாச்சு, ஸ்பூன்களை எண்ணி வையுங்கள்" என்றார். அவள் நாட்டுக்கு ஒரு காலத்தில் திருடர்களைக் கப்பலேற்றினார்களாம், அந்த நக்கல். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் அவள்தான்.

இத்தனையும் தெரிந்துதான் உன்னைக் கூப்பிடுகிறேன். யோசித்து எழுது.

உன் அக்கா,
பத்மா

*

பெர்த்
18 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். அத்தானின் முதுகுவலி எப்படி இருக்கிறது? ஸ்வாதிக்கு என் அன்பு.

நீ எழுதியதை அருணாவிடம் படித்துக் காட்டினேன். அவளுக்கும் சம்மதம். இன்றைக்கே விண்ணப்பித்துவிட்டேன்.

குடியுரிமை விழாவைப் பற்றி நீ கிண்டலாக எழுதியிருந்தாலும், எனக்கு அன்று கண் கலங்கிவிட்டது. முதலில் மேயர் எழுந்து, "இது பூர்வகுடிகளான நூங்கார் மக்களின் நிலம், அவர்களுடைய மூத்தோரை வணங்குகிறோம்" என்றார். எத்தனை பண்பாடு பார். பிறகு உறுதிமொழி எடுத்தோம், தேசிய கீதம் பாடினோம். ஆளுக்கொரு செடி கொடுத்தார்கள். பால்கனியில் வைத்திருக்கிறேன், நன்றாகத் தளிர்த்திருக்கிறது.

உங்கள் ஸ்கூலில் இருக்கிற படிகள் உலகம் முழுக்க இருப்பவைதான் அக்கா. யாரையும் திட்டிப் பயனில்லை. நாம் எந்தப் படியில் நிற்கிறோம் என்பதுதான் விஷயம்.

ஒன்று சொல்ல வேண்டும். இங்கே ஸ்டாஃப் ரூமில் யாருக்கும் முரளி என்ற பெயர் வாயில் நுழையவில்லை. "முர்ரே" என்றே பழகிவிட்டது. விண்ணப்பத்திலும் முர்ரே தரன் என்றுதான் போட்டிருக்கிறேன். நீ ஆபீஸில் இருப்பதால் சிபாரிசு என்று யாராவது பேசக்கூடும். வேலை கிடைக்கும் வரை நாம் அக்கா தம்பி என்று சொல்ல வேண்டாம். உனக்கே இது நல்லது.

அன்புத் தம்பி,
முரளி

*

அல் குசைஸ்
20 மார்ச் 2024

அன்புள்ள முரளிக்கு,

நலம், நலமறிய ஆவல். அத்தானின் முதுகு அப்படியேதான் இருக்கிறது. அவரும் நாற்காலியை மாற்ற மாட்டேன் என்கிறார்.

உன் இன்டர்வியூ நடந்தபோது காபி கொடுக்க நானும் அந்த அறையில்தான் இருந்தேன். பெர்த் என்றதும் கோல்பிக்குத் தலைகால் புரியவில்லை. "நம்ம ஆள், நம்ம ஆள்" என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். திரையில் உன் முகம் வந்தது. அவள் சிரிப்பு அப்படியே இருந்தது, கண்ணில் மட்டும் விளக்கு அணைந்தது. அடுத்த நொடி, "ஓ, எவ்வளவு அருமை!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

நீ நன்றாகப் பதில் சொன்னாய். அதில் குறை இல்லை. நீ போன பிறகு பெல்லிங்ஹாம் சொன்னதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. "நல்ல பேரம். பெற்றோரிடம் ஆஸ்திரேலியர் என்று சொல்லலாம், விளம்பரப் படத்தில் இந்தியர் என்று காட்டலாம். ஒரே ஆளில் இரண்டு பேர்" என்றார். கோல்பி சிரித்தாள். நான் காபிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வேலை உனக்குத்தான். பழைய காமன்வெல்த் அடுக்கில்தான் உன் பைலைப் போடச் சொல்லியிருக்கிறார்.

அந்தச் செடி விஷயம். நிலம் இன்னாருடையது என்று வாயால் சொன்னார்கள். அவர்களில் யாராவது வந்து உனக்குக் கொடுத்தார்களா, அல்லது மேயரே கொடுத்துவிட்டாரா? ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! இதைப் பண்பாடு என்கிறாய். நான் உன்னைப் பழிக்கவில்லை. நானும் இன்னொருவர் ஊரில்தான் சம்பாதிக்கிறேன். ஆனால் இந்த ஊர் என்னுடையது என்று எந்த மேடையிலும் சொன்னதில்லை.

நீ கேட்டபடி யாரிடமும் சொல்லவில்லை. நீ வந்து சேர்ந்ததும் முதல் வேலையாகச் சொல்லிவிடுவோம். அம்மாவிடம் மட்டும் சொன்னேன். "பத்மா பக்கத்துல வர்றான், போதும்" என்று சமயபுரத்துக்குக் காசு முடிந்து வைத்திருக்கிறாள்.

அக்கா,
பத்மா

*

பெர்த்
29 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வேலைக் கடிதம் வந்துவிட்டது, நன்றி. ஸ்கூலே அல் பர்ஷாவில் ஃப்ளாட் கொடுக்கிறார்கள். குசைஸ் பக்கம் வீடு பார்க்க வேண்டாம்.

போன வாரம் ஆன்ஸாக் தினம். விடியற்காலையில் போர் நினைவிடத்துக்குப் போயிருந்தேன். இங்கிலாந்து கூப்பிட்டதும் போய் உயிரைக் கொடுத்தவர்களுக்கு அஞ்சலி. பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், "மறுபடி கூப்பிட்டால் மறுபடியும் போவோம்" என்று என் தோளில் தட்டினார். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன் என்று முதல் முறையாகத் தோன்றியது. நீ இதையும் கிண்டல் செய்வாய், தெரியும்.

ஒரு வேண்டுகோள். வந்தவுடனே சொந்தம் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். முதல் வருஷம் போகட்டும். நீ ஆபீஸ் ஊழியர், நான் ஆசிரியர், வேறு வேறு படி. இருவருக்குமே சங்கடம். ஸ்வாதி என் வகுப்பில் வரக்கூடும். ஸ்கூலில் மாமா என்று கூப்பிட வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லிவை. குழந்தைகளுக்கு இதெல்லாம் விளையாட்டு மாதிரிதான்.

அன்புடன்,
முரளி

*

அல் பர்ஷா, துபாய்
16 செப்டம்பர் 2024

அக்காவுக்கு,

நலமா? ஏப்ரலில் எழுதியதற்கு நீ பதிலே போடவில்லை. நான் வந்து மூன்று வாரமாகியும் வீட்டுக்கு வர முடியவில்லை. புது இடம், மீட்டிங் மேல் மீட்டிங். அருணா கிறிஸ்துமஸுக்குப் பிறகுதான் வருகிறாள்.

சாப்பாடு அனுப்பியதற்கு நன்றி. ஆனால் பஸ் உதவியாளர் கார்மேகத்திடம் டப்பா கொடுத்து ஸ்டாஃப் ரூமுக்கு அனுப்பாதே. கோல்பி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வாசனை வந்தது. யார் கொடுத்தார்கள் என்று கேட்டாள். நான் சமாளித்துவிட்டேன்.

கோபப்படாதே.

முரளி

*

அல் குசைஸ்
17 செப்டம்பர் 2024

முரளிக்கு,

நாங்கள் நலம். நீயும் நலமென்று தினமும் பார்க்கிறேன்.

பதினொரு மணி நேரப் பயணத் தூரத்தில் இருந்தபோது நீ எனக்குத் தம்பியாக இருந்தாய். இப்போது ஒரு மாடிப்படி தூரம். அதிலிருந்து மெயில் போடுகிறாய்.

முதல் நாள் உன் அடையாள அட்டையை நான்தான் நீட்டினேன். ஐந்து வருஷம் கழித்து உன் முகத்தைப் பக்கத்தில் பார்க்கிறேன். மீசையை எடுத்துவிட்டாய். கோல்பி பக்கத்தில் நிற்கிறாள். "தேங்க்யூ பத்மா" என்றாய். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். நீ பிறந்ததிலிருந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கார்மேகம் என்ன சொன்னான் தெரியுமா? "அக்கா, அந்த சாரு தமிழ்தானே? நான் தமிழ்லதான் குடுத்தேன். அவரு கைய ஆட்டி ‘மாஃபி, மாஃபி’ங்குறாரு. எனக்கே சிரிப்பு வந்துருச்சு." முதுகுளத்தூர்க்காரனிடம் திருச்சிக்காரன் அரபியில் "இல்லை" என்கிறான். வந்து மூன்று வாரத்தில் அந்த ஒரு சொல்லைத்தான் கற்றாய் போலிருக்கிறது.

கோல்பியைப் பார்த்து நான் சிரித்ததெல்லாம் வீண். அவள் இல்லாத தாயிடம் போய் ஒட்டிக்கொள்கிறாள். நீ இருக்கிறவர்களை உதறுகிறாய். இரண்டில் எது அசிங்கம் என்று நீயே கணக்குப் போட்டுப் பார்.

பத்மா

*

அல் குசைஸ்
20 அக்டோபர் 2024

அன்புள்ள முரளிக்கு,

போன மெயிலில் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன். அதை விடு. நல்ல சேதி சொல்ல எழுதுகிறேன்.

ஸ்வாதி பெரியவளாகிவிட்டாள். அம்மா வியாழக்கிழமை விசிட் விசாவில் வருகிறாள். ஞாயிறு 27ஆம் தேதி காலை வீட்டிலேயே சின்னதாகச் சடங்கு. மேடை, போட்டோகிராபர் ஒன்றும் கிடையாது. ஸ்வாதி முதலில் வேண்டவே வேண்டாம் என்றாள். "அம்மா ப்ளீஸ், இட்ஸ் சோ எம்பாரஸிங்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மா போனில் தாய்மாமன் மாலை போடுவதைப் பற்றிச் சொன்ன பிறகுதான் வெளியே வந்தாள். "மாமா வருவாரா? அப்படின்னா ஓகே. ஸ்கூல்லதான் மாமான்னு சொல்லக் கூடாது, வீட்ல சொல்லலாம்ல?" என்று கேட்டாள்.

அவள் உன் வகுப்பில் கையைத் தூக்கி "மிஸ்டர் தரன்" என்று கூப்பிடுகிறாள். வீட்டுக்கு வந்து என்னிடம் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அவளுக்கு வேண்டியது இது ஒன்றுதான். சீர் எதுவும் வேண்டாம். மாலையையும் நானே வாங்கி வைக்கிறேன். நீ வந்து கழுத்தில் போடு, போதும்.

அக்கா,
பத்மா

*

அல் பர்ஷா
29 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நேற்று மாலை வந்தபோது அம்மாவைப் பார்த்தது நிறைவாக இருந்தது. அரை மணி நேரம்தான் இருக்க முடிந்தது. அம்மா கொடுத்த முறுக்கு தீர்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வராததற்கு மன்னித்துவிடு. கிளம்பித்தான் இருந்தேன். எங்கள் துறை ஆசிரியை இஃப்பத், ஸ்வாதியோடு படிக்கும் தன் மகளோடு வருகிறாள் என்று ஸ்வாதி முந்தின நாள் போனில் சொன்னாள். இஃப்பத் ஒரு வார்த்தை ஸ்டாஃப் ரூமில் சொன்னால், இத்தனை மாதம் மறைத்ததற்கு நான் என்ன பதில் சொல்வது? இப்போது சொன்னால் பொய்யன் என்பார்கள். ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். ஸ்வாதிக்காக ஒரு மால் கிஃப்ட் கார்டு கார்மேகத்திடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பிடித்ததை வாங்கிக்கொள்ளட்டும்.

இன்னொன்று. நவம்பர் 11 போர் நினைவு தினத்துக்கு நாட்டுக்கொருவர் மலர்வளையம் வைப்பதில் இந்தியாவின் வளையத்தை வருஷா வருஷம் நீதான் பட்டுப்புடவையில் கொண்டுபோவாயாமே. இந்த முறை என்னைப் போகச் சொல்லிவிட்டார் பெல்லிங்ஹாம். "என் பாஸ்போர்ட் ஆஸ்திரேலியா" என்றேன். "அதற்குத்தான் கோல்பி இருக்கிறாளே. லண்டனிலிருந்து நிர்வாகக் குழுத் தலைவர் வருகிறார், ஆசிரியரே இந்தியாவுக்கு நின்றால் எடுப்பாக இருக்கும். குர்தா இருக்கிறதல்லவா?" என்றார். கோல்பியும் அருமையான யோசனை என்றாள். ஒரு நாள் வேஷம்தானே என்று ஒத்துக்கொண்டேன்.

என்னிடம் குர்தா இல்லை. அத்தானுடையது ஒன்று கிடைக்குமா?

முரளி

*

அல் குசைஸ்
31 அக்டோபர் 2024

முரளிக்கு,

இன்று தீபாவளி. அம்மா உனக்கும் இலை போட்டு வைத்திருந்தாள்.

குர்தாவைக் கார்மேகத்திடம் கொடுத்திருக்கிறேன். அத்தான் டெல்லி போனபோது வாங்கிப் போடாமலே வைத்தது. நம் வீட்டில் இதற்கு முன் யாரும் குர்தா போட்டதில்லை, ஆனாலும் துரைக்கு அதுதான் இந்தியா.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். மணையில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள் உன் மருமகள். இஃப்பத் என்னிடம், "யாருக்காகக் காத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டாள். "என் தம்பிக்காக, ஆஸ்திரேலியாவில் இருக்கிறான்" என்றேன். கடைசியில் ஸ்வாதி தட்டிலிருந்த மாலையை எடுத்துத் தானே கழுத்தில் போட்டுக்கொண்டாள். "முடிச்சிடலாம்மா, எல்லாருக்கும் பசிக்குது" என்றாள்.

கிஃப்ட் கார்டு டி.வி. மேல் அப்படியே கிடக்கிறது.

பத்மா

*

அல் பர்ஷா
8 நவம்பர் 2024

அக்கா,

நலமா? குர்தா அளவாக இருக்கிறது.

11ஆம் தேதி ஸ்வாதி பாட்டுக் குழுவில் பாடுவதால் அம்மாவுக்கும் அனுமதிச்சீட்டு வாங்கியிருக்கிறாய் என்று தெரிந்தது. கையெடுத்துக் கும்பிடுகிறேன், அன்றைக்கு மட்டும் அம்மாவைக் கூட்டிவராதே. அம்மாவுக்கு இடம் பொருள் தெரியாது. அவளைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை என்று நினைக்காதே. மறுநாளே வீட்டுக்கு வந்து அவள் பக்கத்தில் உட்கார்கிறேன். என் வேலையை நிரந்தரப்படுத்தும் பேச்சு நடக்கிற சமயம் இது.

உடனே பதில் போடு.

முரளி

*

அல் குசைஸ்
13 நவம்பர் 2024

முரளிதரனுக்கு,

நீ பதில் கேட்டிருந்தாய். வேண்டுமென்றேதான் போடவில்லை. அம்மா ஊருக்குத் திரும்புவதற்குள் தன் பேத்தி பாடுவதைக் கேட்கட்டும், தன் பிள்ளை நடப்பதைப் பார்க்கட்டும் என்றுதான் கூட்டிவந்தேன். மனதின் ஒரு மூலையில், அவளை நேரில் பார்த்தால் நீ மாறிவிடுவாய் என்ற நப்பாசையும் இருந்தது.

மலர்வளையம் வைக்கும் வரிசையில் முதலில் பிரிட்டன், பிறகு கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. கடைசியில் நீ. இந்தக் கடலின் அந்தக் கோடியில், பாஸ்ரா பக்கத்தில், முதல் உலகப் போரில் செத்தவர்களில் நம் ஆட்கள்தான் அதிகம் என்று அத்தான் சொல்வார். அதெல்லாம் வரிசைக்குத் தெரியுமா? கை தட்டக்கூடாத இடத்தில் அம்மா கை தட்டினாள். உனக்குக் கேட்டிருக்கும்.

பிறகு புல்வெளியில் டீ. லண்டன்காரரிடம் கோல்பி ஓடிப்போய், "எங்கள் குடும்பம் சஃபோக்" என்றாள். "அப்படியா, எப்போது கிளம்பினீர்கள்?" என்று கேட்டார். "ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தொன்று" என்றாள். "அப்படியென்றால் இந்த வெயில் உங்களுக்குப் பழக்கம்தான்" என்று சொல்லிவிட்டு அவர் கேக் எடுக்கப் போய்விட்டார். கோல்பி அந்தச் சிரிப்போடு அப்படியே நின்றாள். எனக்கே பாவமாக இருந்தது. அந்தப் பாவம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. அவள் உன் பக்கம் திரும்பி, "இந்த உடை உனக்கு எவ்வளவு இயல்பாக இருக்கிறது முர்ரே, எப்போதும் இதையே போடலாமே" என்றாள். மேலே வாங்கியதை அப்படியே கீழே இறக்கிவிட்டாள். நீயும் சிரித்தாய்.

அம்மா யாரையும் கேட்காமல் நடந்து போனாள். உன் காலரைச் சரிசெய்தாள். கன்னத்தைத் தடவி, "எளச்சுட்டியேடா" என்றாள். பெல்லிங்ஹாம் அவளிடம் கை குலுக்கிவிட்டு உன்னைப் பார்த்து, இவர் யார் என்று கேட்டார்.

நீ என்னைப் பார்த்தாய். பிறகு அவரிடம் ஆங்கிலத்தில் சொன்னாய்: "பத்மாவின் அம்மா."

நீ பொய் சொல்லவில்லை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. எத்தனை கெட்டிக்காரன் நீ!

அவர் என்னிடம் திரும்பி, "உன் அம்மா எல்லா ஆசிரியர்களிடமும் இப்படிப் பிரியமாக இருப்பாரா?" என்று கேட்டார். நான் அங்கேயே கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை, சிரித்தேன். கோல்பி சிரிப்பாளே, அதே சிரிப்பு. என் வாயிலிருந்துதான் வந்தது. வீட்டுக்கு வந்து வாய் கொப்பளித்தும் அருவருப்பு போகவில்லை.

காரில் அம்மா கேட்டாள். "தொரைகிட்ட என்னமோ சொன்னானே? உன் பேரு வந்துச்சு, மதர்னும் வந்துச்சு, மத்தது புரியல." நான் சொன்னேன்: "‘பத்மாவுக்கும் எனக்கும் அம்மா’ன்னு சொன்னாம்மா." வழி முழுக்க அதையே திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துக் கேட்டுக்கொண்டு வந்தாள். பின் சீட்டில் ஸ்வாதி இருந்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வரும் வாரம் அம்மா ஊருக்குப் போகிறாள். அவளிடம் நீ எப்போது பேசினாலும் நான் சொன்ன பொய்யைக் காப்பாற்று. உன்னிடம் நான் கேட்பது அது ஒன்றுதான். எனக்கு இனிமேல் எழுதாதே. ஆபீஸில் வேலை இருந்தால் மற்றவர்களைப் போல ஜன்னலுக்கு வெளியே வரிசையில் வந்து நில்.

பத்மா

*

தில்லைநகர், திருச்சி
1 டிசம்பர் 2024

சிரஞ்சீவி முரளிதரனுக்கு அம்மாவின் ஆசீர்வாதம்.

நான் நலமாக ஊர் வந்து சேர்ந்தேன். முட்டிவலி மட்டும் இருக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. அருணா வரும்வரை ஹோட்டல் சாப்பாடு வேண்டாம், பத்மா வீட்டில் போய்ச் சாப்பிடு. உன் விலாசத்தைப் பத்மாவிடம் கேட்டேன், தேடித் தருகிறேன் என்றாள், தரவில்லை. ஸ்வாதிதான் ஸ்கூல் விலாசத்தை எழுதிக் கொடுத்தது. போனில் சொல்லலாம்தான். ஆனால் உன்னிடம் பேசும்போது பாதியிலேயே அழுதுவிடுகிறேன்.

சடங்குக்கு நீ வரவில்லை என்று எனக்கு மனதில் ஒரு குறை இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், பெரிய வேலைக்குப் போனதும் பிள்ளைக்கு நாம் கூச்சமாகிவிட்டோமோ என்றுகூட நினைத்தேன். எதிர்வீட்டுக் கோபாலசாமி வாத்தியார், "வெளிநாடு போன பிள்ளைங்க அப்படித்தான்மா" என்று போன வருஷமே சொன்னார். இப்போது அவரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அத்தனை வெள்ளைக்காரர்கள் நடுவில், இந்தப் பழைய சேலையோடு நின்றவளைக் காட்டி, பத்மாவுக்கும் எனக்கும் அம்மா என்று துரையிடம் சொன்னான் என் பிள்ளை என்று சொன்னேன். கோயிலிலும் சொன்னேன். ரேஷன் கடையிலும் சொன்னேன். யார் பார்க்க இருந்தாலும் என்னை நீ விட்டுக்கொடுக்கவில்லை, இனி எனக்கு என்ன வந்தால் என்ன.

பத்மாவிடம் பேசு. அவள் அன்றைக்குக் காரில் அழுதுகொண்டே ஓட்டினாள். தம்பியை நினைத்துப் பெருமையில் அழுகிறாள் என்று நானும் ஒன்றும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
பத்மாவுக்கும் உனக்கும் அம்மா,
நாகவள்ளி